கிகிக்கு ஒரு நாற்காலி: புதுச்சேரி அன்னை வளர்த்த பூனைகளின் கதை

அந்தப் படத்தை நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். வயதான ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, முகம் நிறையச் சிரிப்பு. பெரியம்மா வீட்டுப் பூஜை அறையில், டெய்லர் கடைச் சுவரில், புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்கு மேலே என்று எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். நம்ம பக்கத்தில் ‘அன்னை’ என்றால் போதும், முழுப்பெயர் யாரும் கேட்பதில்லை.

பூ வைத்துக் கும்பிடுகிற அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த மனுஷி, ஒரு காலத்தில் கொசுவலைக்குள் பூனையைப் படுக்க வைத்துக்கொண்டு தூங்கியவர். பூனைக்காகத் தனியாகப் புட்டிங் கரைத்தவர். தேள் கொட்டிய பூனையை மேஜை மேல் வைத்துவிட்டு, அந்த வீட்டிலேயே பெரிய மனிதரைக் கூப்பிட்டனுப்பியவர்.

உங்கள் போன் கேலரியில் பாதி பூனை போட்டோதானா? வீட்டில் 5 பூனை வைத்திருப்பதற்காகச் சொந்தக்காரர்கள் உங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்களா? அப்படியென்றால் இந்தக் கதை உங்களுக்குத்தான்.

பாரிஸில் பிறந்த மிர்ரா

பெயர் மிர்ரா அல்ஃபாஸா. பிறந்தது 1878 பிப்ரவரி 21, பாரிஸ். அப்பா மோரிஸ் துருக்கியிலிருந்து வந்த வங்கிக்காரர். அம்மா மத்தில்ட் எகிப்தின் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்தவர். குழந்தை பிறப்பதற்கு முந்தைய ஆண்டுதான் குடும்பம் பிரான்ஸுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஆக, பிறந்த ஊரிலேயே வந்தேறி வீட்டுப் பெண்.

ஓவியம் படித்தார். 1897-ல் ஓவியர் ஆன்றி மொரிசேவைக் கல்யாணம் செய்தார். அடுத்த ஆண்டு மகன் ஆந்த்ரே பிறந்தான். 1908-ல் விவாகரத்து. 1911-ல் பால் ரிஷார் என்பவரோடு இரண்டாம் கல்யாணம். நூறு வருஷத்துக்கும் முந்தைய கதை இது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே இந்த வரிசையைக் கேட்டால் வாயைப் பிளக்கிற வீடுகள் நம்மிடம் உண்டு.

பிராணிகள் விஷயம் சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிட்டது. பாரிஸுக்கு வெளியே இருக்கும் ஃபோன்தேன்பிளோ காட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பாராம். அணிலும் பறவையும் பயமில்லாமல் பக்கத்தில் வருமாம். பின்னாளில் அவரே சொன்ன இன்னொரு கதை அல்ஜீரியாவில் நடந்தது. 1906, 1907-ல் அங்கே திலெம்சென் என்கிற ஊரில் தங்கி, மாக்ஸ் தெயோன் என்பவரிடம் மறைஞானம் படித்தார். ஒருநாள் மரத்தடியில் கண்மூடி உட்கார்ந்திருந்தவருக்கு ஏதோ சரியில்லை என்று பட, கண்ணைத் திறந்தால் எதிரே படமெடுத்த பாம்பு. ஓடவில்லை, கத்தவில்லை. பாம்பின் கண்ணைவிட்டுப் பார்வையை எடுக்காமல், நீட்டியிருந்த காலை மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் இழுத்தார். பாம்பு போய்விட்டது. அப்புறம்தான் காரணம் தெரிந்தது. பாம்பின் வழியை மறித்து உட்கார்ந்திருந்ததே இவர்தான்.

எனக்கு இந்தக் கதையில் பாம்பைவிட அந்தக் கடைசித் தகவல்தான் முக்கியம். தப்பு யாருடையது என்பதைப் பிராணியின் பக்கமிருந்து பார்க்கிற பழக்கம் அப்போதே அவரிடம் இருந்திருக்கிறது.

காரைக்காலில் ஒரு ஏப்ரல்

புதுச்சேரிக்கு அவரை முதலில் கொண்டுவந்தது ஆன்மிகம் பாதி, எலெக்‌ஷன் பாதி. பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் பிரெஞ்சிந்தியா ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் கிடந்த 5 ஊர்களுக்கும் சேர்த்து ஒரே தொகுதி. 1914 தேர்தலில் பால் ரிஷார் நின்றார். கணவன் மனைவி இருவரும் மார்ச் 29-ம் தேதி புதுச்சேரி வந்தார்கள். அன்றைக்கே மிர்ரா அரவிந்தரைச் சந்தித்தார். அவரைத் தேடித்தான் இத்தனை காலம் அலைந்தோம் என்று அவருக்குத் தோன்றியது அந்தச் சந்திப்பில்தான்.

சுமார் இரண்டு வாரத்தில், காரைக்கால். மிர்ரா எழுதிவந்த நாட்குறிப்பு பின்னால் புத்தகமாக வந்தது. அதில் 1914 ஏப்ரல் 13 தேதியிட்ட பக்கத்தில் ஊர் பெயர் காரைக்கால் என்று இருக்கிறது. பாரிஸிலிருந்து வந்து சித்திரை வெயிலில் காரைக்காலில் இறங்கிய 36 வயதுப் பெண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மின்விசிறி கிடையாது. பாஷை தெரியாது. சுற்றிலும் பிரிட்டிஷ்காரர்களின் தஞ்சாவூர் ஜில்லா, நடுவில் பிரெஞ்சுக் கொடி பறக்கிற ஒரு துண்டு நிலம்.

ரிஷார் தோற்றார். அவருக்காக அன்று புதுச்சேரியில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர், நாடு கடந்து அங்கே தங்கியிருந்த பாரதியார். தன் வீட்டில் வளர்ந்த வெள்ளைப் பூனையையும், பல நிறத்தில் அது போட்ட குட்டிகளையும் வைத்துச் சாதியைக் கேள்வி கேட்ட அதே பாரதியார்தான். பூனை வளர்ப்பில் புதுச்சேரிக்கு ஏற்கெனவே ஒரு நல்ல பெயர் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்!

முதல் உலகப்போர் வந்தது. 1915 பிப்ரவரியில் இருவரும் பிரான்ஸ் திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்து ஜப்பானில் 4 ஆண்டுகள். 1920 ஏப்ரல் 24-ல் மிர்ரா மறுபடி புதுச்சேரி வந்தார். அதன்பிறகு அவர் பிரான்ஸ் போகவே இல்லை. ரிஷார் கொஞ்ச காலத்தில் பிரிந்து போய்விட்டார். மகன் பிரான்ஸிலேயே இருந்தான்.

மழை கொண்டுவந்து சேர்த்த வீடு

நவம்பர் என்றால் நம்ம கடற்கரைக்கு என்ன மாதம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிஷா, கஜா எல்லாம் நவம்பர் பிள்ளைகள். 1920 நவம்பர் 24-ம் தேதி அப்படி ஒரு காற்று மழை. மிர்ராவும், அவரோடு வந்திருந்த ஆங்கிலேயப் பெண் டோரதி ஹாட்ஜ்சனும் வாடகைக்கு இருந்த பழைய வீடு தாங்காது என்கிற நிலைமை. அரவிந்தர் இருவரையும் தன் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னார்.

அந்த வீட்டில் அதுவரை ஆண்கள் மட்டும். பெரும்பாலும் வங்காளத்து இளைஞர்கள். அரவிந்தரோடு சுதந்திரப் போராட்டத்தில் இருந்தவர்கள், பிரிட்டிஷ் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவி வந்தவர்கள். நளினிகாந்த குப்தா அந்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆளுக்கு ஒரு பாய், அதுதான் மெத்தை, அதுதான் போர்வை. குளித்துவிட்டுத் துவட்ட எல்லோருக்குமாக ஒரே ஒரு துண்டு. பேச்சுலர் ரூமில் இருந்தவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டீர்கள்.

இந்த வீட்டுக்குள் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் வந்து சேர்ந்ததை எல்லோரும் பூரிப்போடு வரவேற்றிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால், அடுத்த ஆண்டு வந்து பார்த்த புராணி என்கிற சீடர், வீடே மாறிப்போயிருந்தது என்று எழுதுகிறார். பெருக்கித் துடைத்த தரை, பூச்செடிகள், ஒரு ஒழுங்கு. 1922-ல் பெரிய வீட்டுக்குக் குடிபோனார்கள். இன்றைக்கும் வெள்ளை நகரத்தில் ஆசிரமத்தின் மையமாக இருக்கிற கட்டடத் தொகுப்பின் ஒரு பகுதி அது.

பூனைகள் இந்தக் காலத்தில்தான் வருகின்றன.

சுந்தரி, புஷி, கிகி, பிக் பாய்

அங்கே இருந்தவர்களின் நினைவுகளில் இந்தப் பெயர்கள் மனிதர்களின் பெயரைப்போலவே வந்து போகின்றன. ஒரு பெயர் தமிழ்நாட்டு அத்தை பெயர் மாதிரி, ஒன்று இங்கிலீஷ், ஒன்று கொஞ்சல். வீட்டுக்கு வந்த பூனை, வீட்டிலேயே பிறந்த குட்டி, அந்தக் குட்டி போட்ட குட்டி என்று பெருகிய குடும்பம்.

எப்படிப் பெருகும் என்று பூனை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பெட்டைப் பூனை 5, 6 மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும். சுமார் 9 வாரத்தில் குட்டி. ஆண்டுக்கு இரண்டு முறை போட்டால்கூட, ஒன்றாக இருந்தது ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அரை டஜனைத் தாண்டிவிடும். இன்றைக்கு நீங்கள் மாட்டாஸ்பத்திரியிலோ தனியார் கிளினிக்கிலோ கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளலாம் (செய்துவிடுங்கள், ப்ளீஸ்). 1920களின் புதுச்சேரியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வந்ததையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது விரட்ட வேண்டும். மிர்ரா வைத்துக்கொண்டார்.

வைத்துக்கொண்டது மட்டுமில்லை. சம்பக்லால் என்று ஒரு குஜராத்தி இளைஞர் அந்த வீட்டுக்கு வந்து, கடைசிவரை அரவிந்தருக்கும் அன்னைக்கும் பணிவிடை செய்தவர். அவர் தன் நினைவுகளில் ஒரு காட்சியைச் சொல்கிறார். மிர்ரா தன் கையால் புட்டிங் செய்வார். செய்து முடித்ததும் கொஞ்சத்தை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து, பால் விட்டு, ஒரு கட்டிகூட இல்லாமல் கரையும்வரை கலக்கிக்கொண்டே இருப்பார். அது பூனைக்கு. ஒரு பூனைக்காக இத்தனை மெனக்கெடலா என்று சம்பக்லாலுக்கு முதலில் புரியவில்லை.

இந்த ஒன்றை மட்டும் காப்பி அடிக்காதீர்கள். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும் என்று இன்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். மிர்ராவுக்கு அன்று அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கட்டி இல்லாமல் கலக்குகிற பொறுமையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பூனை அவரோடு கொசுவலைக்குள் தூங்கும். பூனை எப்படித் தூங்கும்? சுருண்டு, வாலை மூக்குவரை இழுத்துக்கொண்டு. இது அப்படியில்லை. மனுஷர் மாதிரி நீட்டி நிமிர்ந்து படுக்கும். குட்டி போடும்போதும் மற்ற பூனைகளைப்போல இல்லாமல், பெண்கள் படுப்பதுபோல மல்லாந்து படுத்ததாம். இதற்கு முன் அது ஒரு மனுஷியாக இருந்திருக்கிறது என்று அவர் நம்பினார். அவருக்கு இந்த மாதிரி நம்பிக்கைகள் நிறைய. ஒவ்வொரு விலங்கினத்துக்கும் ஓர் ஆவி உண்டு, பூனைகளுக்கென்று ஒரு ராஜா உண்டு, அந்த ராஜாவோடு தனக்குத் தொடர்பு உண்டு என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் இதை நம்பலாம், சிரித்துவிட்டுக் கடக்கலாம். நான் இங்கே பார்ப்பது வேறொன்றை. பூனை எப்படிப் படுக்கிறது, எப்படி விழிக்கிறது, எதைத் தின்ன மறுக்கிறது என்று நாள் கணக்கில் உற்றுப் பார்த்த ஒருவரால்தான் இத்தனை நுணுக்கத்தோடு அந்தக் கதைகளைச் சொல்ல முடியும். விளக்கம் அவருடையது. ஆனால், கவனித்தது நிஜம்.

தேள் கொட்டிய இரவா, பகலா?

நேரம் சொல்லப்படவில்லை. ஆனால், சம்பவத்தை அவர் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார்.

கிகி வீட்டிலேயே பிறந்தது. ரொம்பச் சாது, ரொம்ப நாகரிகமான பூனை என்பது அவர் கொடுத்த சர்டிஃபிகேட். ஆனால் பூனைதானே, எது அசைந்தாலும் விளையாட வேண்டும். ஒருநாள் வீட்டுக்குள் ஒரு பெரிய தேள். கிகி முன்காலால் தட்டி விளையாடப் போக, தேள் கொட்டிவிட்டது.

கிகி ஓடி ஒளியவில்லை. அடிபட்ட பூனை கட்டிலடியில், பரணில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் போய்ப் பதுங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இது நேராக மிர்ராவிடம் வந்தது. கொட்டுப்பட்ட காலைத் தூக்கிக் காட்டியது. கால் ஏற்கெனவே வீங்கிப்போயிருந்தது, பூனை சாகிற நிலைமை. அவர் அதைத் தூக்கி ஒரு மேஜை மேல் வைத்துவிட்டு அரவிந்தரைக் கூப்பிட்டார். கிகியைத் தேள் கொட்டிவிட்டது, குணமாக்க வேண்டும் என்று சொன்னார்.

அரவிந்தர் வந்து எதிரே உட்கார்ந்தார். பூனை கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தது. அதன் கண் அதற்குள் மங்கத் தொடங்கியிருந்தது. அவரும் பூனையைப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிகி தெளிந்தது. ஒரு மணி நேரத்தில் எழுந்து குதித்துப் போய்விட்டது.

பக்தர்களுக்கு இது அற்புதம். எல்லாத் தேள்கடியும் உயிரை எடுப்பதில்லை என்று மருத்துவம் படித்தவர் சொல்லக்கூடும். எனக்கு அந்தத் தீர்ப்பில் அவசரமில்லை. உங்கள் பூனையைத் தேள் கொட்டினால் டாக்டரிடம் ஓடுங்கள், அதில் விவாதமே வேண்டாம். இந்தக் கதையில் என்னை நிறுத்துவது அந்த ஒரு மணி நேரம். அலிப்பூர் சதி வழக்கில் ஓராண்டு சிறையில் இருந்துவிட்டு வந்தவர், நாட்டையே ஒரு காலத்தில் உலுக்கியவர், தத்துவ நூல்கள் எழுதியவர். அவரை ஒரு பூனைக்காக எழுப்பி உட்கார வைக்கலாம் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. அவரும் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

பிழைத்து எழுந்த கிகி அதன்பிறகு தியானத்தில் இறங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா? அரவிந்தரின் அறையில் அன்றாடம் ஒரு கூட்டுத் தியானம் நடக்கும். வழக்கமான ஆட்கள், அவரவருக்கு வழக்கமான இடம். அதில் ஒரு சாய்வு நாற்காலி கிகியுடையது. யாராவது உட்கார்ந்துவிடப் போகிறார்களே என்று எல்லோருக்கும் முன்னால் வந்து ஏறிக்கொள்ளும். தூங்காது. தூங்குகிற பூனையின் உடம்பு வேறு மாதிரி இருக்கும் என்பதை மிர்ரா கவனித்திருக்கிறார். உடம்பு தூக்கித் தூக்கிப் போடும், சின்னச் சின்னச் சத்தம் வரும். மணிக்கணக்கில் அப்படியே இருக்கும். எழுப்பிச் சாப்பாடு வைத்தால் தொடாது. மறுபடி நாற்காலிக்கே போய்விடும். இது நல்லதற்கில்லை, குட்டிப் பூனையின் உடம்பு தாங்காது என்று அவரே கவலைப்பட்டிருக்கிறார். பூனையின் தியானத்தில் அவர் பூரித்துப் போயிருந்தால் அது சாதாரண பக்திக் கதை. சாப்பிடவில்லையே என்று பயந்தார் பாருங்கள், அதுதான் பூனை வளர்க்கிறவர்களின் மனசு.

வீடு ஆசிரமமாக மாறியபோது

1926 நவம்பர் 24-ல் அரவிந்தர் வெளியுலகத் தொடர்பைக் குறைத்துக்கொண்டு அறைக்குள் ஒதுங்கினார். வீட்டின் முழுப் பொறுப்பும் மிர்ராவிடம் வந்தது. அப்போது சீடர்கள் சுமார் 24 பேர். அரவிந்தர் ஆசிரமம் தொடங்கியது அன்றுதான் என்று கணக்கு. மிர்ரா எல்லோருக்கும் அன்னை ஆனதும் அப்போதிலிருந்துதான்.

அதற்குப் பிறகு அவருடைய நாள் அவருடையதாக இல்லை. சமையல், சலவை, கட்டட வேலை, தோட்டம், யாருக்கு எந்த அறை, யாருக்கு யாரோடு சண்டை என்று எல்லாமே அவரிடம் வந்தது. தினமும் கட்டுக்கட்டாகக் கடிதம், எல்லாவற்றுக்கும் கைப்படப் பதில். 1930களில் ஆசிரமத்து வண்டிமாடுகளைப் பார்த்துக்கொண்டவருக்கு அவர் எழுதிய குறிப்புகள் புத்தகத்தில் இருக்கின்றன. மாட்டை அடிக்கக் கூடாது, பயமுறுத்தி வேலை வாங்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்திருக்கிறார். முரண்டு பிடிக்கிற மாட்டை முதலில் புரிந்துகொள்ளச் சொல்கிறார். திலெம்சென் பாம்பு ஞாபகம் வருகிறதா?

பூனைகள் மட்டும் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போய்விட்டன. 24 பேர் நூறாகி, நூறு பல நூறாகிற இடத்தில், ஒரு பூனை இன்றைக்குச் சாப்பிட்டதா என்று உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கும்? பூனை வளர்ப்புக்குப் பணம் வேண்டும், மீன் வேண்டும், பொறுமை வேண்டும் என்று சொல்வோம். உண்மையில் வேண்டியது நேரம். அவரிடம் அது தீர்ந்துவிட்டது என்பதுதான் என் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்கெல்லாம் அன்னையானவர் பெற்ற மகனை 30 ஆண்டுகளுக்கு மேல் பார்க்கவில்லை. 1949-ல் ஆந்த்ரே புதுச்சேரி வந்தார். அப்போது அவருக்கு வயது 51. பிறகு அடிக்கடி வந்தார், ஆசிரம வேலைகளில் உதவினார். இதை வைத்து அம்மாவாக அவர் எப்படி என்று மார்க் போட எனக்கு உத்தேசமில்லை. ஆனால், பூனை வீட்டின் காலம் முழுக்க அந்த 30 ஆண்டுகளுக்குள்தான் வருகிறது என்பதை மறைக்கவும் மனசு வரவில்லை.

1950 டிசம்பர் 5-ல் அரவிந்தர் மறைந்தார். 1954 நவம்பர் 1-ம் தேதி புதுச்சேரியும் காரைக்காலும் மற்ற பிரெஞ்சு ஊர்களோடு இந்தியாவின் கைக்கு வந்தன. 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கியபோது அன்னைக்கு 90 வயது. தன் அறையிலிருந்தே வானொலி மூலம் பேசினார். 1973 நவம்பர் 17-ல், 95 வயதில் மறைந்தார்.

மதில் மேல் பூனை

பூனைகள் போன பிறகும் பூனைக் கதைகள் போகவில்லை. 1943-ல் அவர் ஆசிரமத்தில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்திருந்தார். 1950களில் சாயங்காலம் விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பார். பிரெஞ்சில் ஒரு பத்தி வாசிப்பது, பிறகு கேள்வி பதில். பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பல நாள் பதிலாக வந்தவை பூனைகள்தான். கிகி கதை நமக்குக் கிடைத்ததே இப்படித்தான். 70 வயதைத் தாண்டியவர், 30 வருஷத்துக்கு முந்தைய பூனைகளை நேற்று பார்த்ததுபோலச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது பெயர் சொல்லப்படாத ஒரு தாய்ப்பூனையுடையது. முதல் ஈற்றில் குட்டி போட்டதும் அந்த இடத்தைவிட்டு நகரவே மறுத்ததாம். சாப்பாடு இல்லை, வெளியே போவதில்லை. குட்டிகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒட்டிக்கொண்டே கிடந்தது. குட்டிகள் வளர்ந்ததும் பாடம் ஆரம்பமானது. எப்படி இரை பிடிப்பது, மதில் விளிம்பில் விழாமல் எப்படி நடப்பது என்று ஒவ்வொன்றையும் 10 தடவை, தேவைப்பட்டால் 100 தடவை செய்து காட்டும்.

பூனைக்குட்டி தாயைப் பார்த்துத்தான் கற்கிறது என்பதை விஞ்ஞானம் பிற்பாடு சோதித்துப் பார்த்தது. ஃபிலிஸ் செஸ்லர் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1969-ல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டுக்காக ஒரு நெம்புகோலை அழுத்துகிற வித்தையைத் தன் தாய் செய்யப் பார்த்த குட்டிகள், வேறொரு பூனை செய்யப் பார்த்த குட்டிகளைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டன. அன்னையிடம் நெம்புகோல் இல்லை. புதுச்சேரி வீடுகளின் மதில்கள் இருந்தன.

மதில் மேல் பூனை என்றால் நமக்கு முடிவெடுக்கத் தெரியாத ஆள். அன்னை பார்த்த பூனைக்கு முடிவில் எந்தக் குழப்பமும் இல்லை, குழப்பமெல்லாம் குட்டிகளுக்குத்தான். ஒரு மதிலுக்கும் அடுத்த மதிலுக்கும் நடுவே இடைவெளி. குட்டிகள் தாண்டிவிடக்கூடிய தூரம்தான். ஆனால், கீழே பார்த்ததும் நடுக்கம் வந்துவிட்டது. தாய் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று கூப்பிட்டது. வரவில்லை. திரும்பி இந்தப் பக்கம் தாண்டி வந்து, அதன் பாஷையில் ஏதோ நீளமாகச் சொன்னது. காலால் லேசாக ஒரு தட்டு, நாக்கால் ஒரு நக்கு. ஊஹூம். மறுபடி தாண்டியது, மறுபடி கூப்பிட்டது, மறுபடி திரும்பி வந்தது. இப்படி அரை மணி நேரத்துக்கு மேல். அன்னை அத்தனை நேரமும் நின்று பார்த்திருக்கிறார்.

கடைசியில் தாய்ப்பூனை குட்டிகளை ஒருமுறை பார்த்தது. இருப்பதிலேயே தேறிய குட்டி எது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் குட்டிக்குப் பின்னால் போய் நின்று, தலையால் பலமாக ஒரு முட்டு முட்டியது. குட்டி தன்னை அறியாமல் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது. எழுந்தது. பிறகு அதை யாராலும் நிறுத்த முடியவில்லை. இந்த மதிலிலிருந்து அந்த மதிலுக்கும், அந்த மதிலிலிருந்து இந்த மதிலுக்கும் திரும்பத் திரும்பத் தாண்டிக்கொண்டே இருந்ததாம்.